இனி 30 நாளும் கோயிலுக்கு வரலாம்னு சந்தோஷப்பட்ட அக்காமார்களுக்கு

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொம்பளைங்க விஷயம். ஆனா ஆம்பளைங்களும் படிக்கலாம், தப்பில்ல. படிச்சிட்டு வீட்டுல இருக்கிற அம்மா, அக்கா, மனைவிகிட்ட போனைக் குடுங்க.

எனக்கு 51 வயசுல மாசம் நின்னுச்சு. ஒரு வருஷம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுடுச்சுன்னு கணக்காம். அந்த ஒரு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு அம்மன் சன்னதியில நின்னு, "தாயே, நன்றி"ன்னு சொன்னேன். ஏன்னு பொம்பளைங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமா எந்தத் திருவிழா வந்தாலும் நான் முதல்ல பார்த்தது பஞ்சாங்கம் இல்லை, என் நாள் கணக்குத்தான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கணும்னா கிளினிக்குல போய் தள்ளிப்போடுற மாத்திரை வாங்கி முழுங்கின வருஷங்கள் உண்டு. திருவிளக்கு பூஜைக்குப் பேர் குடுத்துட்டு அன்னைக்குக் காலையில வீட்டுல உட்கார்ந்து அழுததும் உண்டு.

அதெல்லாம் முடிஞ்சுது, இனி 30 நாளும் கோயில் வேலை பார்க்கலாம்னு அவ்வளவு சந்தோஷம். மாசம் நிக்கிறப்போ கூடவே வேற ஒன்னும் நம்ம உடம்பை விட்டுப் போகுதுன்னு எனக்கு யாரும் சொல்லலை. அம்மா சொல்லலை, அக்கா சொல்லலை. நாமளும் இதையெல்லாம் வாய் விட்டுப் பேசுறதில்லையே.

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு ஆடி வெள்ளி. அன்னதானம் முடிஞ்சு பின்பக்கம் குவளி கழுவிக்கிட்டு இருந்தோம். தரையெல்லாம் தண்ணி, எண்ணெய்ப் பிசுக்கு. அன்னைக்கு அதே இடத்துல நம்ம இளைஞர் பிரிவுப் பிள்ளைங்க ரெண்டு பேர் வழுக்கி விழுந்து, சிரிச்சிக்கிட்டே எழுந்து போனாங்க. நானும் விழுந்தேன். பெரிய விழுகை இல்லைங்க. நின்ன இடத்துலயே கால் வழுக்கி, வலது கையை ஊன்றினேன். "டக்"குனு ஒரு சத்தம். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைஞ்சு நின்னுச்சு.

முதல்ல காட்டின இடத்துல எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டு, "வயசாயிடுச்சில்ல ஆன்ட்டி, கவனமா இருங்க"ன்னு அனுப்பிட்டாங்க. எனக்கு அப்போ 53. பிறையில ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில நாற்பது ஆப்பரேட்டர்களை வெச்சு லைன் ஓட்டுறவ நான். வயசாயிடுச்சுன்னு சொன்னா எனக்கு என்ன புரியும்?

மறு பரிசோதனைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒரு சின்ன வயசு டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு கையைப் பத்தி எதுவும் கேட்கலை. ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. "உங்களுக்கு மாசம் எப்போ நின்னுச்சு?" அப்புறம், "உங்க அம்மாவுக்கு எப்பவாவது எலும்பு முறிஞ்சிருக்கா?"

ரெண்டாவது கேள்விக்கு என்னால உடனே பதில் சொல்ல முடியலை.

எங்க அம்மா கெடாவுல தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. விடியக்காலையில எழுந்து, பால் வாளியை ரெண்டு பக்கமும் காண்டா தூக்கி வளர்ந்த உடம்பு. அறுபதைத் தாண்டினதும் குள்ளமாகிக்கிட்டே வந்தாங்க. முதுகு கூனிப்போச்சு. நாங்க "கிழவி சுருங்கிட்டா"ன்னு கேலி பண்ணுவோம். 74 வயசுல ராத்திரி பாத்ரூம் போறப்போ விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுது. ஆபரேஷன் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஆனா அப்புறம் அம்மா தானா எழுந்து நடக்கவே இல்லை. படுக்கைப்புண், சளி, எட்டு மாசம். எமன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான்னு நாங்க மனசைத் தேத்திக்கிட்டோம்.

டாக்டர் சொன்னப்போதான் புரிஞ்சுது. அந்தக் கூன் வயசுனால தானா வந்தது இல்லை. முதுகெலும்புக் கட்டைகள் ஒன்னொன்னா சத்தமில்லாம நசுங்கியிருக்கு. விழாமலே நசுங்குமாம். வலி இல்லாமலும் நசுங்குமாம். பல வருஷமா எச்சரிக்கை கண்ணு முன்னாலேயே இருந்திருக்கு, நாங்க சிரிச்சிருக்கோம். இடுப்பெலும்பு முறிஞ்ச வயசானவங்கள்ல ஏறக்குறைய அஞ்சு பேருக்கு ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள போயிடுறாங்கன்னும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

நான் டாக்டர் இல்லை. எஸ்.பி.எம். முடிச்சிட்டு ஃபேக்டரிக்குப் போனவ. எனக்குச் சொன்னதை, நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன்.

நம்ம எலும்பு கல்லு மாதிரி அப்படியே கிடக்கிறது இல்லை. பழசைக் கரைச்சு எடுக்கிற வேலையும், புதுசு கட்டுற வேலையும் உள்ளே நடந்துக்கிட்டே இருக்கு. சுமார் 30 வயசு வரைக்கும் கட்டுறது அதிகம், அதுக்கு மேல மெல்லக் குறையும். ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் இருக்கே, அதுதான் கரைக்கிற ஷிஃப்டை அடக்கி வெச்சிருக்கிற சூப்பர்வைசர். மாசம் நிக்கிறப்போ அது வேலையை விட்டுப் போயிடுது. கரைக்கிறவங்க ஓவர்டைம் போட ஆரம்பிச்சிடுறாங்க. மாசம் நின்ன முதல் அஞ்சு ஏழு வருஷத்துல சில பெண்களுக்கு எலும்போட கனத்துல 20 சதவீதம் வரைக்கும் போயிடுமாம். 45 வயசுக்கு முன்னாலேயே மாசம் நின்னவங்க, ஆபரேஷன்ல சினைப்பை எடுத்தவங்க, இவங்களுக்கு இன்னும் சீக்கிரம் ஆரம்பிச்சிடும்.

தசையும் அப்படித்தான். 30 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் குறையும், வயசு ஏற ஏற வேகமா குறையும். எலும்பு தேய்ஞ்சா முறியும். தசை தேய்ஞ்சா விழுவோம். ரெண்டும் ஒரே சமயத்துல நடக்கிறதுதான் ஆபத்து.

அப்புறம் டெக்சா ஸ்கேன் எடுத்தாங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் படுத்திருந்தாப் போதும், வலி கிடையாது. அதுல டி-ஸ்கோர்னு ஒரு நம்பர் வரும். மைனஸ் 1 வரைக்கும் சரி. மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் நடுவுல இருந்தா எலும்பு மெலிய ஆரம்பிச்சிருக்கு. மைனஸ் 2.5, அதுக்கும் கீழே போனா எலும்புத் தேய்மானம், ஆஸ்டியோபோரோசிஸ். எனக்கு முதுகெலும்புல மைனஸ் 2.6.

வீட்டுலயே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆசியப் பெண்களுக்காகவே உண்டாக்கினது, பேரு ஓஸ்தா. மாசம் நின்னவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. உங்க எடை கிலோவுல எவ்வளவோ அதுல இருந்து வயசைக் கழிங்க. வர்றதை 0.2 ஆல பெருக்குங்க. மைனஸ் 1-க்குக் கீழே போனா கவனம், மைனஸ் 4-க்குக் கீழே போனா அபாயம் அதிகம், டாக்டரைப் பாருங்க. எங்க அம்மாவுக்கு இப்போ போட்டுப் பார்த்தேன். 42 கிலோ, 74 வயசு. மைனஸ் 6.4. எனக்கு? 54 கிலோ, 53 வயசு. 0.2. அதாவது "பயமில்லை". ஆனா எனக்கு முறிஞ்சிடுச்சே! அதனால கணக்கு நல்லா வந்துடுச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிஞ்சிருந்தா, 50 வயசுக்கு மேல நின்ன உயரத்துல இருந்து விழுந்து உங்களுக்கு ஏதாவது முறிஞ்சிருந்தா, ரொம்ப நாள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டிருந்தா, கணக்கு என்ன சொன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஸ்டீராய்டுன்னதும் ஒன்னு ஞாபகம் வருது. மூட்டு வலிக்குன்னு யாரோ குடுக்கிற கேப்சூல், ஜாமு, போன்ல ஆர்டர் பண்ற பொடி, இதுல சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு சுகாதார அமைச்சு பல தடவை எச்சரிச்சிருக்கு. ரெண்டு நாள்ல வலி பறந்து போகும், எலும்பு உள்ளே கரையும். டப்பாவுல எம்.ஏ.எல். நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாத மருந்தைத் தொடாதீங்க.

எனக்கு வாரம் ஒரு மாத்திரை குடுத்தாங்க. வெறும் வயித்துல, வெறும் தண்ணியில முழுங்கி, அரை மணி நேரம் படுக்காம, எதுவும் சாப்பிடாம இருக்கணும். காப்பியும் கூடாது. நான் ஞாயித்துக்கிழமை வெச்சுக்கிட்டேன். மாத்திரை போட்டுட்டு சாமி ரூம்ல விளக்கேத்தி நின்னா அரை மணி நேரம் தெரியாமப் போயிடும். சிலருக்கு ஹார்மோன் மருந்தும் குடுக்கிறாங்க. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

கை முறிஞ்சதும் வீட்டுல எல்லாரும் சொன்னது ஒன்னுதான். "இனிமே எதையும் தூக்காதே. பேசாம உட்கார்." வீட்டுக்காரர் தண்ணி பாட்டில் கூட தூக்க விடலை. கோயில்லயும் பாசம்தான். "அக்கா நாற்காலியில உட்காருங்க, வெங்காயம் மட்டும் உரிங்க போதும்." நானும் உட்கார்ந்தேன். மூணு மாசத்துல மாடிப்படி ஏற கைப்பிடி தேவைப்பட்டுச்சு.

பிசியோவுக்குப் போனப்போ அங்க ஒரு மலாய்க்காரப் பொண்ணு என்னை நாற்காலியில உட்கார வெச்சு, கையை மார்புல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காரச் சொன்னா. 17 விநாடி ஆச்சு. ஆசியர்களுக்கு 12 விநாடியோ அதுக்கு மேலயோ ஆனா தசை பலத்தைக் கவனிக்கணுமாம். நான் கோபமா, "ஃபேக்டரியில தினமும் 12 மணி நேரம் நடக்கிறேன், வீட்டு வேலை, கோயில் வேலை எல்லாம் செய்றேன், இதுக்கு மேல என்ன எக்ஸர்சைஸ்?"னு கேட்டேன். அவ சொன்னா: "மக்சிக், அதெல்லாம் உங்க உடம்புக்குப் பழகிப்போன வேலை. பழகினதை விடக் கொஞ்சம் கனமானதைக் குடுத்தாத்தான் தசை வளரும். தசை இழுத்தாத்தான் எலும்புக்கு, 'நீ இன்னும் தேவை'ன்னு தகவல் போகும்."

அந்தப் பேச்சு எனக்கு நல்லா உறைச்சுது. ஃபேக்டரியில ஓட்டாம நிறுத்தி வெச்ச மெஷின்தான் முதல்ல துருப்பிடிக்கும். பாசத்துல என்னை நிறுத்தி வெச்சிருந்தாங்க.

அன்னைல இருந்து வாரத்துல மூணு நாள், விட்டு விட்டு, 25 நிமிஷம் செய்றேன். செலவே இல்லை.

நாற்காலியில இருந்து கையூன்றாம எழுந்து உட்கார்றது, பத்து தடவை, மூணு சுத்து. சிங்கைப் பிடிச்சிக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குறது. சுவத்துல கையை வெச்சுத் தள்ளுறது. ஒன்னரை லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு கையிலயும் தூக்குறது. சுவர் ஓரமா ஒத்தைக் கால்ல நிக்கிறது, அது விழாம இருக்க. பத்து தடவை சுலபமா வந்துட்டா கனத்தைக் கூட்டணும், அதுதான் ரகசியம். இப்போ அஞ்சு கிலோ அரிசிப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எழுந்து உட்கார்றேன். முதல் ரெண்டு வாரம் தொடை வலியில சாமி கும்பிடக் குனிய முடியலை. அப்புறம் பழகிப்போச்சு.

ஒன்னு ஜாக்கிரதை. எலும்புத் தேய்மானம்னு தெரிஞ்சவங்க முதுகை வளைச்சுக் குனிஞ்சு கனம் தூக்கக் கூடாது, குனிஞ்சபடி உடம்பைத் திருப்பவும் கூடாது. முழங்காலை மடக்கி, முதுகு நேரா, சாமானை உடம்போட ஒட்டித் தூக்கணும். அன்னதான குவளியை ஒத்தை ஆளா தூக்கி வீரம் காட்டாதீங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால டாக்டரையோ பிசியோவையோ ஒரு தடவை கேட்டுக்குங்க.

சாப்பாடு. 50 வயசுக்கு மேல பெண்களுக்கு ஒரு நாளைக்கு சுண்ணாம்புச் சத்து 1200 மில்லிகிராம் வேணும். ஒரு கிளாஸ் பால்ல 300-க்குள்ளதான் இருக்கு. தே தாரிக் பால் கணக்குல சேராது, அது சீனித் தண்ணி. கேழ்வரகு 100 கிராம்ல 300-க்கு மேல இருக்கு. இக்கான் பிலிஸை முள்ளோட சாப்பிட்டாத்தான் பலன். பாயாம் கீரையில சத்து இருந்தாலும் உடம்புல கொஞ்சம்தான் சேரும், சாவியும் கைலானும் நல்லா சேரும்.

நம்ம விரதக்காரங்களுக்கு முக்கியமா சொல்ல வேண்டியது புரதம். தைப்பூசத்துக்கு 48 நாள், புரட்டாசி ஒரு மாசம்னு சைவம் இருக்கோம், நல்லதுதான். ஆனா தட்டுல சோறு, ரசம், ஒரு பொரியல், அப்பளம். தசை எதை வெச்சு வளரும்? ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாம புரதம் வேணும். எனக்கு 54 கிராம். 100 கிராம் தெம்பேயில 19 கிராம் அளவுக்கு இருக்கு. பருப்பு கெட்டியா, தாஹு, கொண்டைக்கடலை சுண்டல், தயிர், எல்லாம் சைவம்தான். பிரசாதச் சுண்டலை ஒரு கரண்டி கூட வாங்கிக்குங்க, கேட்கிறதுக்கு வெட்கப்படாதீங்க.

வெயிலும் வேணும். நான் விடியுறதுக்கு முன்னால ஃபேக்டரிக்குள்ள போய், தலை முதல் கால் வரை வெள்ளை டிரஸ் மாட்டி, இருட்டின பிறகு வெளியே வர்றவ. இவ்வளவு வெயில் அடிக்கிற நாட்டுல இருந்தும் ரத்தத்துல விட்டமின் டி குறைச்சல். அது இல்லாம சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்து சேராதுன்னு அதுக்கும் மாத்திரை குடுத்தாங்க.

இந்த வருஷம் மறுபடியும் ஸ்கேன் எடுத்தேன். மைனஸ் 2.4. பெரிய அதிசயம் ஒன்னும் இல்லை. மாத்திரையை விடாதீங்கன்னுதான் டாக்டர் சொன்னாங்க. ஆனா கீழே போகலை. நாற்காலியில அஞ்சு தடவை எழுந்து உட்கார 10 விநாடி. போன தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை 513 படியும் ஏறினேன், பால்குடத்தோட. பாதியில ரெண்டு இடத்துல நின்னேன், உட்காரலை. மேலே போய் வேல் முன்னாடி நின்னப்போ எங்க அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாங்க. பால் வாளி தூக்கின அந்தத் தோளுக்கு, மாசம் நின்ன பிறகு ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச வருஷம் எங்க கூட இருந்திருப்பாங்களோ என்னவோ.

போன திருவிளக்கு பூஜையில பின்னால நின்னு பார்த்தேன். பூஜை முடிஞ்சு தரையில இருந்து எழுந்திருக்கிறப்போ, 50 வயசு தாண்டினவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சாங்க. எல்லாரும் சிரிச்சிக்கிட்டே, "வயசாயிடுச்சு"ன்னாங்க. நானும் அப்படிச் சிரிச்சவதான்.

அதனால ஒரு ஏற்பாடு. தலைவர்கிட்ட கேட்டு அனுமதி வாங்கியாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமையில இருந்து காலை 8 மணிக்கு, காய் நறுக்க உட்கார்றதுக்கு முன்னால, கோயில் மண்டபத்துல அரை மணி நேரம். பிளாஸ்டிக் நாற்காலி அங்கேயே இருக்கு. வழுக்காத ஜோடு ஒன்னும், தண்ணி நிரப்பின பாட்டில் ரெண்டும் கொண்டு வாங்க. பஞ்சாபி டிரஸ் போட்டுக்கிட்டு வந்தா வசதி. வெள்ளிக்கிழமைகள்ல பின்பக்கத் தரையைக் காய வைக்க இளைஞர் பிரிவுத் தம்பிங்க ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க, அவங்களுக்கும் நன்றி.

மாசம் நின்னா சாமிக்கு இன்னும் கிட்ட வந்துட்டோம்னு நினைக்கிற அக்காமார்களே, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கிட்ட வந்தா மட்டும் போதாது. நின்னு சேவை செய்ய காலு வேணும், தூக்க கை வேணும். அதை முருகன் குடுத்துட்டான், காப்பாத்துறது நம்ம வேலை.

நாற்பதுகள்ல இருக்கிற தங்கச்சிங்களும் வாங்க. உங்களுக்குத்தான் இன்னும் நேரம் இருக்கு.